எல்லையோர ஊரும் இணையவழி எழுதுகருவியும்

சத்தியவேட்டு வட்டாரத்தில் எழுதப்படும் மனுவுக்கும் சங்க அறிக்கைக்கும் திருவிழாக் கணக்குக்கும் பெரும்பாலும் இரு மொழி வாசகர்கள் இருக்கிறார்கள். மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது எழுந்த எல்லைத் தகராற்றை எச். வி. படாஸ்கர் வகுத்துக் கொடுத்த முடிவின் அடிப்படையில் தீர்ப்பதற்காக 1959இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் 1960 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வர, திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அதுவரை செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த சத்தியவேட்டுப் பகுதி ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்துக்குப் போனது. 2022 ஏப்ரல் 4 முதல் அது புதிய திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. வீட்டிலும் கோயிலிலும் தமிழ் பேசுபவர் மண்டல அலுவலகத்திலும் கிராம சச்சிவாலயத்திலும் தெலுங்கில் எழுத வேண்டியிருக்கிறது; ஸ்ரீசிட்டித் தொழிற்பூங்காவில் வேலைக்கு விண்ணப்பிப்பவருக்கு ஆங்கிலமும் வேண்டும்; எல்லையின் இருபுறமும் நிலம் உள்ள குடும்பம் ஒரு பக்கம் அடங்கலையும் மறுபக்கம் சிட்டாவையும் பார்த்துக்கொள்கிறது. ஒரே காகிதம் பல மொழிகளையும் பல அலுவலகங்களையும் கடந்தாக வேண்டிய இத்தகைய ஊரில், கணினியில் நிறுவிய அலுவலக மென்பொருளை விட்டு இணையத்தின் வழியே இயங்கும் கருவிகளுக்கு மாறலாமா என்ற கேள்விக்குச் செலவுக் கணக்கை மட்டும் வைத்து விடை சொல்லிவிட முடியாது. எழுத்து எப்படிச் சேமிக்கப்படுகிறது, சேமித்த ஆவணம் யார் கையில் இருக்கிறது என்ற இரண்டையும் உடன் வைத்துப் பார்த்தாக வேண்டும்.

அலுவலக மென்பொருள் என்பது கடிதமும் கட்டுரையும் எழுத ஒரு சொற்செயலி, கணக்குப் போட ஒரு விரிதாள், கூட்டத்தில் திரையிட்டுக் காட்ட ஒரு படவில்லைத் தொகுப்பு ஆகியவை சேர்ந்த தொகுதி. மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் வேர்டும் எக்செல்லும், விலையின்றிக் கிடைக்கும் லிப்ரே ஆபிசும் கணினியிலேயே நிறுவப்படுபவை. நிரலும் கோப்பும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். இணையவழிக் கருவியில் நிரல் வெகுதொலைவில் உள்ள வழங்கி, அதாவது சர்வர் எனப்படும் பெருங்கணினியில் இருந்து உலாவியின் வழியே வந்து இயங்குகிறது. எழுதப்படுவதும் அங்கேயே போய்ச் சேர்கிறது. கணினியில் இருப்பது அதன் தற்காலிகப் படி மட்டுமே.

இது நடைமுறையில் சாத்தியமாவதற்கு, பக்கத்தை முழுவதும் மறுபடி வரவழைக்காமல் மாறிய பகுதியை மட்டும் வழங்கியோடு பரிமாறிக்கொள்ளும் நுட்பம் தேவைப்பட்டது. மின்னஞ்சலை உலாவியில் படிப்பதற்காக மைக்ரோசாப்ட் உருவாக்கிய அந்த வசதி 1999இல் அதன் உலாவியில் இடம்பெற்றது. அதையும் வேறு சில நுட்பங்களையும் சேர்த்து ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் 2005 பிப்ரவரியில் அஜாக்ஸ் என்று பெயரிட்ட பிறகு, உலாவிக்குள்ளேயே முழு நிரலை இயக்கும் முயற்சிகள் பெருகின. அதே 2005இல் சோஹோ ரைட்டர் வெளிவந்தது. 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிச் சென்னையில் வளர்ந்த நிறுவனத்தின் படைப்பு அது. கூகுள் நிறுவனம் ரைட்லி என்ற இணையச் சொற்செயலியை விலைக்கு வாங்கியது 2006 மார்ச்சில். அதுவே கூகுள் டாக்ஸாக வளர்ந்தது. மைக்ரோசாப்டின் ஆபிஸ் 365 வந்தது 2011இல். ஊத்துக்கோட்டை வழியாகப் பேருந்தில் சென்னைக்குப் போய்வரும் சத்தியவேட்டு மக்கள், உலகத்தின் முதல் இணையச் சொற்செயலிகளுள் ஒன்று அந்தச் சென்னையில் உருவானது என்பதை அறிந்திருப்பது நல்லது. இத்துறை வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான ஒன்று என்ற எண்ணம் இன்னும் பரவலாக இருக்கிறது.

கணினியில் நிறுவிய மென்பொருளின் காலத்தில் தமிழ் எழுத்துக்கு நேர்ந்ததைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் இந்த மாற்றத்தின் பெரிய பயன் அங்கேதான் இருக்கிறது. பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களும் தெலுங்குக்கு அனு எழுத்துருக்களும் டிடிபி கடைகளில் நெடுங்காலம் கோலோச்சின. எழுத்துரு என்பது எழுத்தின் வடிவத்தைத் திரையில் வரையும் கோப்பு. பாமினியில் ‘தமிழ்’ என்ற சொல்லைத் தட்டச்சு செய்தால் கணினி சேமித்து வைப்பது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையும்தான். ஆங்கில ஜே இருக்க வேண்டிய இடத்தில் தகரத்தின் வடிவத்தையும், கே இருக்க வேண்டிய இடத்தில் மகரத்தின் வடிவத்தையும் அந்த எழுத்துரு வரைந்து காட்டுகிறது. எனவே கோப்பைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு அந்த எழுத்துரு இல்லாத இன்னொரு கடைக்குப் போனால், பொருளற்ற ஆங்கில எழுத்துச் சரமே திரையில் தெரியும். தமிழும் தெலுங்கும் கலந்த மனு என்றால் இரண்டு எழுத்துருக்களும் அங்கே இருந்தாக வேண்டும். ஒரு பத்தியின் எழுத்துரு தவறி மாறினாலும் அந்தப் பத்தி முழுவதும் படிக்க முடியாமல் போகும். இவற்றால் மக்கள் ஒரே கடையை, பல வேளைகளில் ஒரே கணினியைச் சார்ந்திருக்க நேர்ந்தது. அந்தக் கணினி பழுதாகிவிட்டால் சங்கத்தின் பத்தாண்டுத் தீர்மானங்களும் அதோடு போயின.

யூனிகோடு என்ற ஒருங்குறி முறை உலகின் எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண் தருகிறது. தமிழுக்கு 2944 முதல் 3071 வரையுள்ள 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. அடுத்த எண்ணான 3072இலிருந்து 3199 வரை தெலுங்கின் இடம். சத்தியவேட்டு மண்ணில் அடுத்தடுத்து வாழும் இரு மொழிகளும் எண் அட்டவணையிலும் அடுத்தடுத்தே இருக்கின்றன. இந்திய எழுத்துகளுக்காக முன்பு வகுக்கப்பட்ட இஸ்கி என்ற தரத்தின் வரிசையைப் பின்பற்றியே இரண்டும் அடுக்கப்பட்டதால், தமிழ்த் தகரத்தின் எண் 2980 என்றால் தெலுங்குத் தகரத்தின் எண் சரியாக 128 கூடி 3108 ஆகிறது. இந்த முறையில் ‘தமிழ்’ என்று எழுதினால் தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி என்ற ஐந்து தமிழ்க் குறிகளின் எண்களே சேமிக்கப்படுகின்றன. எழுத்துரு மாறினால் அழகு மாறலாமே தவிர எழுத்து மாறாது.

ஒருங்குறியில் தமிழுக்கு 1991லேயே இடம் கிடைத்துவிட்டது. தமிழ்நாட்டு அரசு 2010 ஜூனில் அதைத் தரமாக ஏற்றது. ஆயினும் கணினியில் நிறுவிய மென்பொருளில் பழைய எழுத்துருக்களும் தொடர்ந்து வேலை செய்ததால், பழகிய கைகள் அவற்றை விடவில்லை. கூகுள் டாக்ஸ் போன்ற இணையவழிக் கருவி பயனரின் கணினியில் கிடக்கும் எழுத்துருக்களை எடுத்துக்கொள்வதில்லை. தன் வழங்கியில் உள்ளவற்றையே தருகிறது. அங்கே பாமினிக்கு இடமில்லை. ஒருங்குறியில் எழுதினால்தான் தமிழ் தெரியும் என்ற நிலையை ஆணைகளைவிட இந்தக் கருவிகளே மக்களிடம் விரைவாகக் கொண்டுசேர்த்தன. குறைதீர்க்கக் கோரும் மனுவை ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் அளிக்கும் உரிமையை அரசமைப்பின் 350ஆம் பிரிவு தருகிறது என்றாலும், பெறுகின்ற அலுவலகக் கணினியில் அந்த மொழி திரையில் தெரிந்தால்தான் உரிமை செயலுக்கு வரும். ஒருங்குறியில் எழுதிய தமிழ் மனுவை அமராவதியிலும் திறந்து படிக்கலாம். தெலுங்கு அலுவலர் அதை இயந்திர மொழிபெயர்ப்புக்குக் கொடுத்துப் பொருளும் அறியலாம். பாமினி மனுவுக்கு அந்த வாய்ப்பே இல்லை.

அடுத்த பயன் பலர் ஒரே ஆவணத்தில் ஒரே நேரத்தில் எழுதுவது. ‘மனு நாளை’ என்று ஆவணத்தில் இருப்பதாகக் கொள்ளலாம். எழுத்தும் குறியும் இடைவெளியுமாக எண்ணினால் அதில் எட்டு இடங்கள் உள்ளன. ‘நாளை’ என்ற சொல் 5 முதல் 8 வரையுள்ள இடங்களில் இருக்கிறது. சத்தியவேட்டில் இருப்பவர் முன்னால் ‘எங்கள்’ என்று சேர்க்கும் அதே நொடியில், சென்னையில் இருப்பவர் ‘நாளை’ என்ற சொல்லை நீக்குகிறார். ‘எங்கள்’ என்பதும் அடுத்த இடைவெளியும் சேர்ந்து ஏழு இடங்கள். ‘5 முதல் 8 வரை நீக்கு’ என்ற சென்னைக் கட்டளையைச் சத்தியவேட்டுப் படியில் அப்படியே நிறைவேற்றினால் ‘எங்கனு நாளை’ என்ற பிழையுரு மிஞ்சும். முன்னால் ஏழு இடங்கள் நுழைந்துவிட்டன என்பதை அறிந்து அந்தக் கட்டளையை ‘12 முதல் 15 வரை நீக்கு’ என்று மாற்றினால்தான் இருவர் திரையிலும் ‘எங்கள் மனு’ என்ற ஒரே முடிவு வரும். இவ்வாறு ஒருவர் கட்டளையை மற்றவர் கட்டளைக்கு ஏற்பத் திருத்திக்கொள்ளும் முறையை எல்லிஸ், கிப்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1989இல் வெளியிட்டனர். கூகுள் டாக்ஸ் 2010இல் இந்த முறைக்கு மாறியது. இதன் விளைவாகப் பொருளாளர் ஸ்ரீசிட்டி ஆலையில் இரவு ஷிப்டில் இருந்தாலும், செயலாளர் அம்பத்தூரில் குடியிருந்தாலும், ஆண்டறிக்கையின் ஒரே படியில் இருவரும் எழுத முடிகிறது. ‘இறுதி’, ‘இறுதி திருத்தியது’, ‘இறுதி புதியது’ என்று பெயரிட்ட கோப்புகள் மின்னஞ்சலில் சுற்றிவருவதும், எது மெய்யான இறுதி என்று தெரியாமல் பழைய கணக்கை அச்சுக்குக் கொடுத்துவிடுவதும் இதனால் நிற்கின்றன.

மின்வெட்டையும் இங்கே சொல்ல வேண்டும். யுபிஎஸ் இல்லாத கணினியில் மின்சாரம் போனால் கடைசியாகச் சேமித்ததற்குப் பின் எழுதியதெல்லாம் போய்விடும் அபாயம் உண்டு. இணையவழிக் கருவி எழுத எழுதவே சேமித்துக்கொண்டு வருகிறது. சிக்னல் அற்ற வேளையில் எழுதுவதற்கும் வழி உண்டு: முன்கூட்டியே அந்த வசதியை இயக்கி வைத்தால் உலாவியே எழுத்தைத் தேக்கி வைத்து, இணைப்பு மீண்டதும் வழங்கியில் சேர்த்துவிடும். கைபேசி மட்டுமே உள்ளவர்களுக்கு 2017இல் கூகுளின் குரல்வழித் தட்டச்சு தமிழுக்கும் தெலுங்குக்கும் வந்தது பேருதவி. விசைப்பலகையே பழகாத முதியவர் பேசிய மனுவைப் பேரப்பிள்ளை திருத்திக் கொடுக்கிறார். டிடிபி கடையின் வாசலில் காத்திருக்கும் நிலை மாறிவருகிறது.

குறைகளும் உண்டு. நூல் அச்சிடுவதற்குரிய பக்க வடிவமைப்புக்கும், வரி முடிவில் தமிழ்ச் சொற்களைச் செம்மையாகப் பிரிப்பதற்கும் கணினியில் நிறுவும் மென்பொருள்களே இன்னும் மேல். அகரவரிசையிலும் கவனம் வேண்டும். தமிழ் மரபில் வகரத்துக்குப் பின்னரே ழகரம் வரும்; ஒருங்குறி எண்வரிசையிலோ ழகரம் முன்னும் வகரம் பின்னும் இருக்கின்றன. ஆகவே ‘பவளம்’, ‘பழம்’ என்ற இரண்டையும் விரிதாளில் அடுக்கச் சொன்னால், மரபை அறிந்த கருவி பவளத்தை முன்னே வைக்கும். எண்களை மட்டும் பார்க்கும் கருவி பழத்தை முன்னே வைக்கும். உறுப்பினர் பட்டியலையோ பயனாளிகள் பட்டியலையோ ஒரு கருவியிடம் ஒப்படைக்கும் முன் இந்த இரு சொற்களால் அதைச் சோதித்துப் பார்க்கலாம். தமிழின் அடுக்குமுறை பொதுவான தர அட்டவணைகளில் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அதைப் பயன்படுத்தாத கருவிக்குச் சாக்குச் சொல்ல இடமில்லை.

இவற்றைவிட ஆழமான கேள்வி உடைமை பற்றியது. இணையவழிக் கருவியில் உள்ள ஆவணம் வாடகை வீட்டில் வைத்த பண்டபாத்திரம் போன்றது: பொருள் குடியிருப்பவருடையது, கதவு வீட்டுக்காரருடையது. 2017 அக்டோபர் 31 அன்று கூகுள் டாக்ஸின் நிரலில் ஏற்பட்ட கோளாறு, குற்றமற்ற சில ஆவணங்களையும் விதிமீறல் என்று குறித்து, எழுதியவர்களுக்கே அவற்றைப் பூட்டிவிட்டது. அன்றே சரிசெய்யப்பட்டது என்றாலும், கதவு எங்கே இருக்கிறது என்பதை அது காட்டியது. 2020 டிசம்பர் 14 அன்று, இந்திய நேரப்படி மாலை 5 மணிக்கு மேல், பயனர் யார் என்று சரிபார்க்கும் அமைப்பு செயலிழந்ததால் கூகுளின் பெரும்பாலான சேவைகள் ஏறத்தாழ முக்கால் மணிநேரம் உலகெங்கும் நின்றன. இவை தொழில்நுட்பப் பிழைகள். 2025 ஜூலையில் நடந்ததோ வேறு வகை: குஜராத்தின் வாடினாரில் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜி நிறுவனத்தின்மீது ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்ததை அடுத்து மைக்ரோசாப்ட் அதற்கான சேவைகளை நிறுத்த, மின்னஞ்சலையும் கருவிகளையும் இழந்த அந்நிறுவனம் தில்லி உயர் நீதிமன்றத்தை நாடியது, சில நாட்களில் சேவை திரும்பக் கிடைத்தது. இந்தியச் சட்டத்தின்கீழ் இயங்கும், கட்டணமும் செலுத்திய ஒரு பெருநிறுவனத்தின் அன்றாடக் கடிதங்கள் வேறொரு கண்டத்தின் முடிவால் நின்றுபோயின.

அதன் பின் 2025 செப்டம்பரில் மத்திய தகவல் தொழில்நுட்ப அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் தம் ஆவணங்களுக்கும் விரிதாள்களுக்கும் படவில்லைகளுக்கும் சோஹோவுக்கு மாறுவதாக அறிவித்தார். அக்டோபரில் மத்தியக் கல்வி அமைச்சகம் தன் அலுவலர்கள் சோஹோ அலுவலகத் தொகுப்பையே பயன்படுத்துமாறு சுற்றறிக்கை அனுப்பியது. மத்திய அரசு ஊழியர் ஏறத்தாழ 12 லட்சம் பேரின் மின்னஞ்சலும் அந்நிறுவனத்தின் தளத்துக்கு மாறியது. சென்னை நிறுவனம் ஒன்று இந்த இடத்துக்கு வந்தது தமிழருக்குப் பெருமையே. வெளிநாட்டுத் தடை என்ற ஆபத்து இதனால் குறைகிறது. ஆவணம் பிறர் வழங்கியில் இருக்கிறது என்ற அடிப்படை நிலை மட்டும் மாறுவதில்லை. சென்னை வீட்டுக்காரரும் வீட்டுக்காரரே.

சிற்றூர்ச் சங்கங்களையும் கோயில் குழுக்களையும் பொறுத்தவரை பெருநிறுவனத்தின் முடிவைவிட அருகில் இருக்கும் ஆபத்து, ஆவணங்கள் செயலாளர் ஒருவரின் சொந்தக் கணக்கில் கிடப்பது. அவர் பதவி விலகினாலோ காலமானாலோ கடவுச்சொல் அவரோடு போய்விடும். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை அழிக்கும் வழக்கத்தைக் கூகுள் 2023 டிசம்பரில் தொடங்கியது. இலவச இடமான 15 ஜிபிக்குள், 2021 ஜூன் முதல், புதிதாக எழுதும் ஆவணங்களும் எண்ணப்படுகின்றன. எனவே அமைப்பின் பெயரில் தனிக் கணக்கு ஒன்றைத் தொடங்கி, இருவராவது அதன் பொறுப்பை ஏற்று, பொறுப்பாளர் மாறும்போது மீட்புக் கைபேசி எண்ணையும் மாற்றிக்கொள்வது தீர்மானப் புத்தகத்தை ஒப்படைப்பதற்கு நிகரான கடமையாகக் கருதப்பட வேண்டும். ஆதார் எண்ணும் ரேஷன் அட்டை எண்ணும் உள்ள பட்டியலை ‘இணைப்பு உள்ள எவரும்’ திறக்கலாம் என்ற அமைப்பில் வாட்ஸ்அப் குழுவில் போடுவது, அதைப் பேருந்து நிலையச் சுவரில் ஒட்டுவதற்குச் சமம். தனிநபர் தரவுகளைக் கையாளும் அமைப்புகளுக்கு 2023ஆம் ஆண்டின் சட்டம் பொறுப்புகளை வகுத்திருக்கிறது.

ஆவணத்தைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவரும் வழிதான் எஞ்சிய பெரிய விஷயம். இங்கே சொன்ன இணையவழிக் கருவிகள் பதிவிறக்கம் செய்ய இடம் தருகின்றன. எந்த வடிவத்தில் இறக்குவது என்பதில்தான் தேர்வு இருக்கிறது. எவரும் படித்து நிரல் எழுதிக்கொள்ளக்கூடிய விதிகளைக் கொண்ட திறந்த ஆவண வடிவம் 2006இல் பன்னாட்டுத் தரமாயிற்று. லிப்ரே ஆபிசின் இயல்பான வடிவம் அது. மைக்ரோசாப்டின் வடிவம் 2008இல் தரமாக ஏற்கப்பட்டபோது இந்தியா எதிர்த்து வாக்களித்தது. 2010இல் மின்னாளுகைக்கான திறந்த தரக் கொள்கையையும் வெளியிட்டது. ஆண்டுக்கு இருமுறையாவது, திறந்த வடிவத்தில் ஒரு படியும் பிடிஎப் வடிவில் ஒரு படியும் இறக்கி, ஒன்றைச் சங்கத்தின் வன்தட்டிலும் இன்னொன்றை வேறொருவர் வீட்டிலும் வைத்துக்கொள்வது போதுமான காப்பு. இறக்கிய படியில் எழுத்தும் அட்டவணையும் படமும் வந்துவிடும்; யார் எப்போது எதைத் திருத்தினார் என்ற வரலாறு வராது. நிலத் தகராறு, தேர்தல், நன்கொடைக் கணக்கு போன்றவற்றில் அந்த வரலாறே சான்றாகக்கூடும் என்பதால், அத்தகைய ஆவணங்களை ஒவ்வொரு கூட்டத்துக்குப் பின்னும் தேதியிட்ட பெயரில் தனித்தனியே இறக்கி வைக்க வேண்டும்.

பாமினியிலும் அனுவிலும் எழுதப்பட்டுப் பழைய கணினிகளில் இன்னும் இருக்கும் கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றும் நிரல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றிய பிறகு எண்களையும் பெயர்களையும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இடையிடையே ஆங்கிலத்திலேயே எழுதிய சொற்களையும் அந்த நிரல்கள் தமிழாக்கிச் சிதைத்துவிடுவது உண்டு. பழைய எழுத்துரு நிறுவப்பட்ட கணினிகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே இந்த ஒப்பீடு எளிது. மூலத்தைத் திரையில் சரியாகக் காட்ட அவற்றால்தான் இயலும்.